மண்ணும் தண்ணீரும் நம்ம சேமிப்புதான்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த தலைப்பு "மண், நீர் பாதுகாப்பில் உள்ளூர்க் குழுக்களின் பங்கு". இதை விவசாயிகள் சங்கத்தில் பேசலாமே, நமக்கு எதுக்குன்னு சிலர் நினைக்கலாம். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மண்ணையும் தண்ணீரையும் காக்கிற குழுவில் நமக்கு இடம் இருக்கிறது. அங்கே நாம் போய் உட்கார்ந்து பேச வேண்டும். வீட்டுக்கு வரும் நோட்டில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினால் போதாது.

நம்ம உடையார்பாளையம் வட்டாரம் எப்படி இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவில் செம்மண் மேடு. முந்திரி, கடலை, கம்பு, சோளம். ஆறு பக்கத்தில் இருந்தாலும் நம்ம மேட்டுக்கு அந்தத் தண்ணீர் ஏறாது. மழையை நம்பித்தான் பிழைப்பு.

அந்த மழையில் எவ்வளவு தண்ணீர் இருக்கு? ஒரு சென்ட் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 400 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 26 குடத்துக்கு மேல் வரும். ஒரு ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 40,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரித் தண்ணி மூன்று லோடுக்கு மேல்! ஐப்பசியில் ஒரே ராத்திரியில் ஐந்து சென்டிமீட்டர் பெய்தால் என்ன ஆகும்னு நீங்களே பெருக்கிப் பாருங்க. அதில் பாதியாவது நம்ம மண்ணுக்குள் இறங்குதா? செம்மண்ணின் மேல்பகுதி மழை அடித்து இறுகிப் போனால் தண்ணீர் உள்ளே இறங்காது, சரிவைப் பார்த்து ஓடும். ஓடையில் சிவப்பாக ஓடும்போது தண்ணீரோடு மேல்மண்ணும், நாம் கூடை கூடையாகச் சுமந்து கொட்டிய தொழுவுரமும் சேர்ந்தே போகுது. போன மண் ஏரியில் போய்ப் படியும். வயலும் கெட்டது, ஏரியும் தூர்ந்தது.

இதற்கு வழி நம்ம ஊருக்குப் புதிதில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழகங்கம் என்ற பெரிய ஏரியை வெட்டினான். இப்போது பொன்னேரி என்கிறோம். கங்கை வரை வென்ற அரசன் தன் வெற்றிக்கு நினைவாகத் தண்ணீராலான தூண் நாட்டினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. ஆனால் கரையைப் பார்க்க ஆள் இல்லாமல் போனபோது, அவ்வளவு பெரிய ஏரியும் நெடுங்காலம் தூர்ந்து கிடந்தது. உடையார்பாளையம் பயறணீசுவரர் கோயிலின் காண்டீப தீர்த்தமானாலும், உங்க ஊர்க் குட்டையானாலும் இதே கதைதான். அதற்காகத்தான் குடிமராமத்து இருந்தது. வீட்டுக்கு ஒரு ஆள் வந்து கரை போட்டு, மடை பார்த்து, வரத்து வாய்க்கால் வெட்டினார்கள்.

வெளிநாட்டிலும் பட்ட பிறகுதான் புத்தி வந்தது. அமெரிக்காவில் 1930-களில் புல்வெளியை எல்லாம் உழுது போட்ட பிறகு வறட்சி வந்தது. மண் புழுதியாகப் பறந்தது. 1934 மே மாதம் அந்தப் புழுதி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி நியூயார்க், வாஷிங்டன் வரை போய் விழுந்தது. ஹியூ பென்னட் என்ற மண் அறிஞர் பேச்சை அரசாங்கம் கேட்டு, 1935-ல் மண் பாதுகாப்புச் சட்டம் போட்டது. தலைநகரில் இருந்து உத்தரவு போட்டால் மட்டும் நடக்காது என்று 1937 முதல் ஊர் ஊராக மண் பாதுகாப்பு மாவட்டங்கள் அமைத்தார்கள். அந்தந்த ஊர்க்காரரே நிர்வாகிகள்; அரசு அதிகாரி ஆலோசனை சொல்வார். இன்று அப்படி ஏறக்குறைய 3,000 அமைப்புகள் இருக்கின்றன.

நம்ம நாட்டில் அந்த வேலையைச் செய்வது நீர்வடிப்பகுதிக் குழு. நீர்வடிப்பகுதி என்றால் வேறொன்றும் இல்லை. எந்த மேட்டில் விழும் மழை எந்த ஓடையில் வந்து சேருதோ, அந்த மேடு முழுக்க ஒரு நீர்வடிப்பகுதி. மத்திய அரசு 2008-ல் வெளியிட்ட பொது நெறிமுறை என்ன சொல்லுது? கிராம சபைதான் அந்தக் குழுவை அமைக்க வேண்டும். குறைந்தது 10 உறுப்பினர். அதில் பாதிப் பேர் சுயஉதவிக் குழு, பயன்படுத்துவோர் குழு, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், நிலமில்லாதவர் ஆகியோரின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும்.

இது ஏன் பெரிய விஷயம்? பாசன சபைக்கு 2000-ல் தனிச் சட்டம் இருக்கிறது. ஆனால் அதில் ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவர்தான் உறுப்பினர். நம்மில் எத்தனை பேர் பெயரில் பட்டா இருக்கு? கை தூக்கச் சொன்னால் நாலு கை தூக்குவது கஷ்டம். பட்டா இல்லாத பெண்ணும் தண்ணீரைப் பற்றிப் பேசலாம் என்று எழுதி வைத்திருக்கும் இடம் இந்தக் குழு. வேலையில் பார்த்தாலும் அப்படித்தான். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் பெண்கள் செய்த வேலை நாட்கள். குட்டை வெட்டியதும் மண் சுமந்ததும் நாம். எங்கே வெட்டுவது என்று முடிவு செய்யும்போது மட்டும் நாம் ஏன் ஓரமாக நிற்க வேண்டும்? ஓடை எந்த இடத்தில் கரையை அறுக்குதுன்னு ஆடு மேய்க்கிற அக்காவுக்குத் தெரியும். எந்தக் கிணறு பங்குனியில் வற்றும்னு குடம் எடுத்தவளுக்குத் தெரியும்.

முடியுமா என்று கேட்டால், வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஓடும் நாகநதியைச் சொல்வேன். பல வருஷம் வறண்டு கிடந்த ஆறு. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சேர்ந்து, நூறு நாள் வேலையில் தடுப்பணை கட்டினார்கள், நிலத்தடி நீர் ஊறுவதற்கு உறை கிணறு இறக்கினார்கள். ஆற்றில் தண்ணீர் திரும்பி வந்தது. அவர்களும் நம்மைப் போல் குழு வைத்திருக்கும் பெண்கள்தான்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தவிர, இப்போது மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்திலும் நவம்பர் 1-லும் கூடுது. மார்ச் 22 நமக்கென்றே வைத்த நாள் மாதிரி. அதற்கு முந்தின வாரம் ஒவ்வொரு குழுவும் தன் தெருவின் ஓடை, குட்டை, கிணறு நிலவரத்தைப் பேசி, இரண்டு வேலையாவது எழுதிக் கொண்டு போகணும். மனுவாகக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கணும்.

இரண்டாவது, கணக்கு. தனியார் நிலத்தில் வேலை நடந்தால் நிலத்துக்காரர் 10 சதவீதம் பங்குத் தொகை கட்ட வேண்டும். சிறு, குறு விவசாயிகளும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி விவசாயிகளும் 5 சதவீதம் கட்டினால் போதும். அந்தப் பணம் ஊரின் நீர்வடிப்பகுதி நிதியாக வங்கியில் இருக்கும். திட்டம் முடிந்த பிறகு தடுப்பணையைப் பழுது பார்க்க அதுதான் காசு. குழுவில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கேட்கிற நாம் இந்தக் கணக்கையும் சபையில் வாசிக்கச் சொல்லிக் கேட்கணும்.

மூன்றாவது, நம்ம கையில் உள்ள வேலை. சரிவுக்குக் குறுக்கே உழுவது, கோடை உழவு, வரப்பை உயர்த்துவது. முந்திரி மரத்துக்குச் சரிவின் கீழ்ப்பக்கம் பிறை மாதிரி கரை போட்டால் மழைத் தண்ணீர் வேரில் நிற்கும். உதிர்ந்த இலையைக் கூட்டி எரிக்காமல் பாத்தியிலேயே மூடாக்காகப் போடுங்க. ஏரி வண்டல் எடுக்க 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி கொடுக்கலாம், கட்டணமும் இல்லை. நம்ம வயலில் இருந்து போன மண்தான் அது. திருப்பிக் கொண்டு வருவோம்.

நாம் இருபது ரூபாய் சந்தாவில் ஆரம்பித்தவர்கள். வாரம் தவறாமல் கூடினோம், எழுதி வைத்தோம், கடன் வாங்கியவர் கட்டும் வரை விடவில்லை. அந்தப் பழக்கம் போதும், ஒரு தடுப்பணையைக் காப்பாற்ற. அதனால் இந்த மேடையிலேயே ஒரு கோரிக்கை வைக்கிறேன். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில், ஊருக்கு இரண்டு பேரை நீர்வடிப்பகுதிக் குழுவுக்கும் கிராம சபைக்கும் நம்ம பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்துத் தீர்மானம் போடணும். அவர்கள் போய் வந்து மாதா மாதம் நமக்குச் சொல்லணும். ஒரு பிரதிநிதி நிலமில்லாத குடும்பத்துப் பெண்ணாக இருக்கட்டும்.