ஹேக்கில் கிடைத்த புகழும் ஸோவெட்டோவில் உடைந்த கடையும்
(இளைஞர் – வணிகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தென்னாப்பிரிக்கா என்றதும் நீங்கள் கைதட்டினீர்கள். தட்டத்தான் வேண்டும். 2023 டிசம்பர் 29 அன்று, காஸாவில் நடப்பது இன அழிப்பு என்று சொல்லி, ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் இஸ்ரேல் மீது வழக்குத் தொடுத்த நாடு அது. எண்ணெய்ப் பணத்தில் மிதக்கும் அரசுகள் கண்டன அறிக்கையோடு நின்றுவிட்டன. 27 ஆண்டுகள் சிறையில் வாடிய மண்டேலாவின் நாடு நீதிமன்றப் படியேறியது. 2024 ஜனவரி 26 இல் இடைக்கால உத்தரவும் பெற்றது.

இனி, அந்நாட்டின் வீட்டுக்குள் சற்று எட்டிப் பாருங்கள்.

நீங்கள் கடை வைத்திருப்பவர்கள். உங்களுக்குச் சட்டென்று புரியும். கறுப்பின மக்கள் வாழும் நகர்ப்புறக் குடியிருப்புகளில் 'ஸ்பாஸா' என்னும் பெட்டிக்கடைகள் உண்டு. சோமாலியரும் எத்தியோப்பியரும் வங்கதேசத்தவரும் அவற்றில் பலவற்றை நடத்துகிறார்கள். பிழைக்க வந்தவர்கள்! 2008 மே மாதம் அந்நியர் மீதான தாக்குதலில் 62 பேர் மாண்டனர். அதில் மூன்றில் ஒருவர் அந்நாட்டுக் குடிமக்களே என்பது இன்னும் கொடுமை. வெறி, முகவரி பார்த்தா வருகிறது? 2015 ஜனவரியில் ஸோவெட்டோவில் மீண்டும் கடைகள் சூறையாடப்பட்டன. 2021 ஜூலைக் கலவரத்தில் 350க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும் வணிக வளாகங்களே காலியாயின.

கொள்ளையடித்தவர்களை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் 2024 தொடக்கத்தில் அங்கே வேலையின்மை 32.9 விழுக்காடு. 35 வயதுக்குட்பட்ட இளைஞர்களில் 45 விழுக்காட்டுக்கு மேல்! மின்வெட்டோ, 2023 இல் அநேகமாக அன்றாடக் கதை. குளிர்ப்பெட்டியில் இறைச்சி வைத்து விற்பவர் என்ன செய்வார்? அரசு நிறுவனங்களைச் சுரண்டிய ஊழலை ஸோண்டோ ஆணையமே பக்கம் பக்கமாக எழுதி வைத்தது. 2012 இல் மரிக்கானாவில் ஊதிய உயர்வு கேட்ட சுரங்கத் தொழிலாளர் 34 பேரைச் சுட்டுக்கொன்றது வெள்ளையர் அரசு அல்ல. விடுதலைக்குப் பின் வந்த அரசின் போலீஸ்.

"இதையெல்லாம் இப்போது பேசலாமா? எதிரிக்கு வாய்ப்பாகிவிடாதா?" என்று முன்வரிசையில் ஒரு தம்பி முணுமுணுக்கிறார். தம்பி, ஹேக் வழக்கின் நியாயம் இதனால் ஒரு இம்மியும் குறையாது. அந்த மக்களும் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் உத்தரவு வந்த நான்கே மாதத்தில், 2024 மே 29 அன்று, அவர்கள் வாக்குச்சாவடிக்குப் போனார்கள். 30 ஆண்டுகளாகப் பெரும்பான்மை வைத்திருந்த மண்டேலாவின் கட்சிக்கு 40 விழுக்காடுதான் கொடுத்தார்கள். நேற்றுவரை எதிர்த்த கட்சியோடு கூட்டுச் சேர்ந்துதான் அது மீண்டும் ஆட்சி அமைத்தது.