பிரெஞ்சு மொழியில் புதுச் சொற்கள்

பிரெஞ்சுப் பாடநூலைக் கரைத்துக் குடித்த ஒருவர் பாரிஸ் நகர இளைஞர்களின் பேச்சைக் கேட்கிறார். பாதி விளங்கவில்லை. அவர் கற்றது தவறா? இல்லை. பிரெஞ்சில் இரு வழிகளில் புதுச் சொற்கள் வந்துகொண்டிருக்கின்றன.

ஒன்று, அறிஞரும் அரசும் தரும் வழி. 1955-இல் ஐபிஎம் நிறுவனம் கணிப்பொறிக்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் கேட்டது. பேராசிரியர் ழாக் பெரே 'ஓர்தினாத்தர்' என்னும் சொல்லைத் தந்தார், அது நிலைத்துவிட்டது. மின்னஞ்சலைக் குறிக்கக் கனடாவின் கியூபெக்கில் பிறந்த 'கூரியெல்' என்ற சொல்லைப் பிரெஞ்சு அரசு 2003-இல் ஏற்றது. ஆனால், பிரான்சில் மக்கள் பேச்சில் 'மேல்' என்பதே மிகுதி.

மற்றொன்று, தெரு தரும் வழி. அசைகளை முன்பின்னாக மாற்றிப் பேசுவதை 'வெர்லான்' என்பர். பெண்ணைக் குறிக்கும் 'ஃபாம்' இப்படித்தான் 'மஃப்' ஆயிற்று. இன்று அது அகராதியிலும் ஏறிவிட்டது.

அகராதியில் இருப்பதால் எங்கும் சொல்லலாமா? நண்பர்களிடையே 'மஃப்' இயல்பான சொல். வேலைக்கான நேர்முகத் தேர்வில் எதிரே அமர்ந்திருக்கும் அம்மையாரை அப்படிக் குறிப்பிட்டால், கிடைக்கவிருந்த வேலையும் நழுவிப் போகலாம். சொல்லின் பொருள் தெரிந்தால் போதாது. அதற்குரிய இடமும் தெரிய வேண்டும்.

ஆகவே, புதுச் சொல் ஒன்றைக் கேட்டால், அதன் பொருளோடு, யார், யாரிடம், எந்த இடத்தில் சொன்னார் என்பதையும் குறித்து வையுங்கள். காதுக்கு எல்லாச் சொற்களும் வேண்டும். நாவுக்கோ இடமறிந்த சொல்லே அழகு.