மூன்று தீவும் இரண்டு வல்லரசும்



புதுப்பிக்கத்தக்க சக்தியும் உலக அரசியலும் என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். பெய்ஜிங்கில் இருந்தும் வாஷிங்டனில் இருந்தும் தொடங்கக்கூடிய தலைப்பு. நான், தீவுகளுக்குப் படகு ஏறும் நமது குறிகட்டுவான் இறங்குதுறையில் இருந்து தொடங்குகிறேன்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு. நாட்டின் மின்வலைக்கு வெளியே நின்ற இந்த மூன்று தீவுகளுக்கும் மின்சார சபையின் டீசல் மின்பிறப்பாக்கிதான் வெளிச்சம் கொடுத்தது. அந்த டீசல் எங்கோ ஒரு வெளிநாட்டில் இருந்து டொலருக்கு வாங்கப்பட்டு, கப்பலில் கொழும்புக்கு வந்து, தரையால் வடக்கே வந்து, மறுபடியும் கடல் ஏறித் தீவுக்குப் போக வேண்டும். தலைக்கு மேலே வெயில். சோளகம் பிறந்தால் நிற்க விடாத காற்று. இரண்டையும் சும்மா விட்டுவிட்டு எண்ணெயை எரித்தோம்.

இதை மாற்ற ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியோடு ஒரு திட்டம் வந்தது. விலைமனுவில் ஒரு சீனக் கூட்டு நிறுவனம் வென்றது. 2021 ஜனவரியில் அமைச்சரவையும் அனுமதித்தது. உடனே இந்தியா எதிர்த்தது. நெடுந்தீவில் இருந்து இராமேஸ்வரம் ஏறத்தாழ 50 கிலோமீற்றர்தானே! அந்த ஆண்டு டிசம்பரில், மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையால் திட்டம் நிறுத்தப்படுவதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. மாலைதீவில் 12 தீவுகளுக்கு இதுபோன்ற வேலைக்கு அந்தச் சீன நிறுவனம் கையெழுத்திட்டுவிட்டதாகவும் சேர்த்துச் சொன்னது. 2022 மார்ச்சில் அதே தீவுத் திட்டத்துக்கு இந்தியா கொழும்பில் உடன்படிக்கை செய்தது. அதே மாதக் கடைசியில் நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு. டீசலுக்கு நாம் வரிசையில் நின்றோம். 2024 மார்ச்சில்தான் 1 கோடியே 10 இலட்சம் டொலர் இந்திய நன்கொடையில், பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்கு ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது.

எவ்வளவு மின்சாரத்துக்கு இந்தப் போட்டி என்று நினைக்கிறீர்கள்? காற்றில் 530 கிலோவாட், வெயிலில் 1,700 கிலோவாட். மொத்தம் 2,230. மன்னாரில் தம்பபவனிக் காற்றாலைகள் முப்பதையும் பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்றின் திறன் 3,450 கிலோவாட். ஒற்றைக் காற்றாலைக்கும் குறைவான மின்சாரத்துக்காக இரண்டு வல்லரசுகள் மல்லுக்கட்டின. மூன்று ஆண்டுகள் போயின. அந்த ஆண்டுகளில் தீவுச் சனத்தை யாராவது கேட்டார்களா?

சூரியனுக்கு எல்லை இல்லை என்று பேசுகிறோம். சூரியனை மின்சாரமாக்கும் பொறிக்கு எல்லை இருக்கிறது. மணலில் இருந்து சிலிக்கன், அதில் இருந்து மெல்லிய தகடு, பிறகு சூரிய மின்கலம், கடைசியாக நம் கூரையில் ஏறும் பனல். இந்தப் படிகள் ஒவ்வொன்றிலும் உலக உற்பத்தியில் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவின் கையில் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2022இல் சொன்னது. எண்ணெய்க் காலத்தில் ஹோர்முஸ் நீரிணையைப் பார்த்துப் பயந்தோம். இனி ஆலைகளையும் சுரங்கங்களையும் பார்க்க வேண்டும். 2010இல் செங்காகு தீவுகளுக்கருகே ஒரு சீன மீன்பிடிப் படகு மோதிய தகராறு வந்தபோது, சீனாவில் இருந்து ஜப்பானுக்குப் போய்க்கொண்டிருந்த அரிய மண் கனிமங்கள் நின்றுபோயின. காற்றாலைக் காந்தத்துக்கும் மின்கார் மோட்டாருக்கும் அவை வேண்டும். ஜப்பான் பாடம் படித்தது. ஆஸ்திரேலியச் சுரங்கத்தில் முதலீடு செய்து வேறு வழி தேடியது.

நம்மைப் போன்ற நாடுகளுக்குப் பேரம் பேச வலு இல்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். மின்கார் பற்றரிக்கும் வேண்டிய நிக்கல் தாதுவின் ஏற்றுமதியை இந்தோனேசியா 2020 ஜனவரியில் தடைசெய்தது. வேண்டுமானால் இங்கே வந்து உருக்கு என்றது. ஐரோப்பிய ஒன்றியம் வழக்குப் போட்டும் பின்வாங்கவில்லை. சுலவேசியில் ஆலைகள் எழுந்தன. பெரும்பாலும் சீன முதலீடு; உலைக்கு நிலக்கரி மின்சாரம்; காடும் கடலும் பட்ட பாட்டையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் தன் மண்ணில் உள்ளதற்கு ஒரு நிபந்தனை போட்டது அந்த நாடு.

நாம் என்ன நிபந்தனை போட்டோம்? திருகோணமலையின் சம்பூரில் முன்பு நிலக்கரி மின்நிலையம் என்றார்கள், இப்போது 120 மெகாவாட் சூரிய சக்தி என்கிறார்கள். நிலக்கரி போனது நல்லது, மனமார வரவேற்கிறேன். 2006இல் போரால் இடம்பெயர்ந்த சம்பூர்ச் சனத்துக்கு இதில் என்ன பங்கு என்று கேட்பதும் என் கடமை. 2025இல் மன்னார் மக்கள் காற்றாலைக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். அவர்களை அபிவிருத்தியின் எதிரிகள் என்று சொல்வது பெரும் பிழை. வெள்ளம் வடியும் வழி, வலசைப் பறவை, கரைவலைப் பாடு என்று தங்கள் வாழ்வைப் பற்றித்தான் அவர்கள் பேசினார்கள்.

டில்லியும் பெய்ஜிங்கும் தத்தம் நலனைப் பார்க்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் நலனை நாம் பார்க்கவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

ஆகவே இரண்டு வேண்டுகோள். இந்த நாட்டில் 2016 முதல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தீவுத் திட்டத்தின் ஒப்பந்தத்தை அதன்கீழ் தமிழில் கேளுங்கள்: பொறி யாருடையது, பழுதானால் யார் பொறுப்பு, அலகுக்கு என்ன விலை என்று வாசியுங்கள். கிளிநொச்சியில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளே, பராமரிப்பு வேலைக்கு வெளியில் இருந்து ஆள் வரும்வரை தீவு இருட்டில் கிடக்கக் கூடாது. அந்த வேலையை நீங்கள் படித்துக் கையில் எடுங்கள்.