ஐஸ் ஹவுஸில் குடியிருந்தவர்கள்
(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



கட்டடக் கலையைப் பற்றிப் பேச அழைத்தால் பெரும்பாலும் கோபுரத்தைப் பற்றியோ அரண்மனையைப் பற்றியோதான் பேசுவார்கள். நான் ஒரு கிடங்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சென்னை மெரினாவில், காமராஜர் சாலையில், விவேகானந்தர் இல்லம் என்ற பெயரோடு நிற்கிறது அது. திருவல்லிக்கேணிக்காரர்களுக்கு இன்றும் அது ஐஸ் ஹவுஸ்தான். அந்த வட்டாரத்துக் காவல் நிலையத்துக்கும் அதே பெயர்.

பழைய கட்டடம் ஒன்று பிழைத்திருப்பதற்கு அதன் அழகையோ சட்டத்தையோ காரணமாகச் சொல்கிறோம். இந்தக் கட்டடம் பிழைத்த காரணம் வேறு. ஒருவர் விட்டுப் போனபோது அடுத்தவர் வந்து குடியேறினார், அவ்வளவுதான். அப்படிக் குடியேறியவர்கள் யார் யார், அவர்களில் யாரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம் என்பதே இன்றைய என் பேச்சு.

1. குளிருக்குக் கட்டிய சுவர்

பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர் 1806இல் கரீபியத் தீவான மார்ட்டினிக்குக்கு ஒரு கப்பல் நிறையப் பனிக்கட்டி அனுப்பினார். ஊரே சிரித்தது. நஷ்டமும் வந்தது. ஆனால் அவர் விடவில்லை. குளிர்காலத்தில் நியூ இங்கிலாந்துக் குளங்கள் உறைந்ததும், நத்தேனியல் வயத் உருவாக்கிய, குதிரை இழுக்கும் வெட்டுக்கருவியால் பனியை ஒரே அளவுப் பாளங்களாக அறுத்தார்கள். கப்பலில் அவற்றை நெருக்கமாக அடுக்கி, சுற்றிலும் மரத்தூளைத் திணித்தார்கள். 1833 மே மாதம் பாஸ்டனில் புறப்பட்ட ‘டஸ்கனி’ 180 டன் ஏற்றிக்கொண்டு, நான்கு மாதம் கழித்துக் கல்கத்தாவைச் சேர்ந்தபோது ஏறத்தாழ 100 டன் மிஞ்சியிருந்தது. இருமுறை வெப்பமண்டலத்தைக் கடந்து வந்த சரக்கு அது.

சென்னையின் கிடங்கு 1842 வாக்கில் எழுந்தது. அந்நாளில் இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்கும். மசூலாப் படகுகள்தாம் அலையைத் தாண்டிச் சரக்கைக் கரை சேர்க்கும். பனிக்கட்டி அதிக நேரம் வெயிலில் இருக்கக் கூடாது. ஆகவே கிடங்கு கரையை ஒட்டியே அமைந்தது. கனத்த சுவர், வட்ட வடிவம், காற்றும் வெளிச்சமும் நுழையாத உட்புறம். மனிதர்கள் குடியிருக்கக் கட்டியதே அல்ல அது.

1846-47 குளிர்காலத்தில் டியூடரின் ஆட்கள் நியூ இங்கிலாந்தின் வால்டன் குளத்திலும் பனி வெட்டினார்கள். கரையில் குடிசை போட்டு வாழ்ந்த எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ அதைப் பார்த்தார். சென்னைவாசிகள் வால்டன் குளத்து நீரைப் பருகப் போகிறார்கள் என்ற எண்ணம் 1854இல் வெளிவந்த அவருடைய ‘வால்டன்’ நூலில் இடம்பெற்றது. பருகியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களும் பணக்காரர்களுமே. காய்ச்சல்காரர்களுக்கும் அது பயன்பட்டது.

டியூடர் 1864இல் காலமானார். 1870களில் நீராவி இயந்திரத்தால் இங்கேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும், கடல் கடந்து வந்த பனிக்கட்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று. கல்கத்தாவிலும் பம்பாயிலும் இதே தொழிலுக்காக எழுந்த கிடங்குகள் இன்று இல்லை. சென்னையில் மட்டும் ஒன்று தப்பியது.

2. வக்கீல் வீடு

தப்பவைத்தவர் சென்னை உயர் நீதிமன்ற வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார். கிடங்கை விலைக்கு வாங்கி, சுவரை உடைத்து ஜன்னல்கள் வைத்தார். வட்டத் தாழ்வாரங்களைச் சேர்த்தார். நீதிபதி கெர்னான் நினைவாகக் ‘கேஸில் கெர்னான்’ என்று பெயரிட்டார். இன்று நாம் நின்று ரசிக்கும் முகப்புக்கு அடித்தளம் இந்த மாற்றங்களே. அவர் கிடங்கை உள்ளபடியே விட்டிருந்தால் கடற்கரையில் ஒரு குருட்டுச் சுவர்தான் நின்றிருக்கும்; நாளடைவில் அதையும் இடித்திருப்பார்கள்.

எவ்வளவு ஜன்னல் வைத்தும் காற்றோட்டம் போதவில்லை என்பார்கள். குளிரைக் காக்கக் கட்டிய சுவர் மனிதருக்கு அவ்வளவு எளிதில் வளைந்து கொடுக்காது. ஆனால் இடம் பெரிது. ஏழை மாணவர்கள் சிலருக்கும் ஐயங்கார் அதில் தங்க இடம் கொடுத்தார்.

இதற்குள் கரையும் மாறிக்கொண்டிருந்தது. 1876இல் துறைமுகப் பணி தொடங்கியது. கடலோரமாக வடக்கே நகரும் மணலைத் துறைமுகச் சுவர்கள் தடுத்ததால் தெற்கே கரை அகன்றது. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாவும் சாலை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தார். கட்டடம் இருந்த இடத்திலேயே இருந்தது. கடல் தள்ளிப் போயிற்று.

3. ஒன்பது நாளும் ஒன்பது ஆண்டும்

1897 பிப்ரவரி 6ஆம் நாள் விவேகானந்தர் சென்னை வந்து இந்த வீட்டில் தங்கினார். அமெரிக்காவிலிருந்து பனிக்கட்டி வந்த வீட்டுக்கே அமெரிக்காவில் புகழ்பெற்ற துறவியும் வந்தார் என்று இதை வியப்பதுண்டு. வியப்புக்கு இதில் அதிகம் இல்லை. பெருங்கூட்டம் வந்து போகத் தக்க பெரிய வீடு, மனமுவந்து கொடுக்கும் உரிமையாளர், ஊரை ஒட்டிய இடம், மூன்றும் ஒரே இடத்தில் அமைந்திருந்தன. ஒன்பது நாட்கள் தங்கி, நகரில் சொற்பொழிவுகள் ஆற்றிக் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார்.

சென்னையில் நிலையான மையம் ஒன்று வேண்டும் என்று இங்கிருந்த அன்பர்கள் கேட்டார்கள். விவேகானந்தர் அனுப்பிய சகோதரத் துறவி இராமகிருஷ்ணானந்தர் அதே ஆண்டு வந்து சேர்ந்தார். தென்னிந்தியாவின் முதல் இராமகிருஷ்ண மடம் இந்த வீட்டில்தான் வளர்ந்தது. பூசை, வகுப்பு, நகரெங்கும் நடந்தே சென்று பாடம் சொல்வது என்று ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அவர் இங்கே உழைத்தார். ஐயங்கார் 1902இல் மறைந்தார். பிறகு வீடு ஏலத்துக்குப் போனது. 1907இல் மயிலாப்பூரில் மடத்துக்குச் சொந்தக் கட்டடம் அமைந்தது.

4. பெண்கள் வந்தார்கள்

என் பேச்சின் மையத்துக்கு இப்போது வருகிறேன். 1886இல் பிறந்த சுப்புலட்சுமி, சிறுமியாக இருக்கும்போதே விதவையானார். தந்தை அவரைப் படிக்க வைத்தார். 1911இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார், சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவர். பள்ளி ஆய்வாளர் கிறிஸ்டினா லிஞ்ச் துணை நின்றார். எழும்பூரில் சில இளம் விதவைகளைச் சேர்த்துக்கொண்டு தொடங்கிய இல்லத்துக்கு இடம் போதாமல் போனபோது, ஐஸ் ஹவுஸ் கிடைத்தது. 1917இல் அரசே கட்டடத்தை வாங்கிக்கொண்டது.

இரண்டு தேவைகள் இங்கே ஒன்றையொன்று சந்தித்தன. பெண் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைக்கவில்லை. பிறந்த வீட்டின் அடுக்களையில் முடங்கிக் கிடந்த இளம் விதவைகளுக்கு வாழ வழி இல்லை. இவர்களை ஆசிரியைகளாக்கினால் இரண்டும் தீரும் என்று சுப்புலட்சுமி கண்டார். பக்கத்திலேயே 1914இல் தொடங்கிய பெண்கள் கல்லூரி, பின்னாளில் இராணி மேரி கல்லூரி, இருந்தது. 1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அவரே முதல்வரானார்.

இந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டுமே உரியது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தின் சாதி எல்லை அந்தக் கதவிலும் இருந்தது. ஆனால் அங்கிருந்து வெளியே போன ஆசிரியைகள் கற்பித்த வகுப்பறைகள் அதைவிடப் பெரியவை. பின்னாளில் ஆசிரியப் பயிற்சி மாணவியர் விடுதியாகவும் கட்டடம் நீடித்தது.

5. எந்தப் பயன்பாட்டை நினைப்பது?

1963இல் விவேகானந்தர் நூற்றாண்டையொட்டி அரசு இதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர் சூட்டியது. 1997இல் இராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்கு விட்டது. இன்று அங்கே நிலையான கண்காட்சி நடக்கிறது. கட்டடமும் நன்றாகப் பராமரிக்கப்படுகிறது. அந்தப் பெயரில் எனக்குக் குறை எதுவும் இல்லை. என் கேள்வி நம் நினைவைப் பற்றியது. பனிக்கட்டி இருந்தது ஏறத்தாழ முப்பது ஆண்டு. துறவி தங்கியது ஒன்பது நாள். பெண்கள் வாழ்ந்தது பல பத்தாண்டுகள். நீண்ட காலம் குடியிருந்தவர்களைப் பற்றியே ஊரில் குறைவாகப் பேசுகிறோம்.

சென்னையில் இது ஒரு கட்டடத்தின் கதை மட்டுமல்ல. கோட்டை அருங்காட்சியகம் வணிகர்களின் பரிவர்த்தனைக் கூடமாகத் தொடங்கியது; கூரைமேல் ஒரு காலத்தில் கலங்கரை விளக்கம் எரிந்தது; ராணுவ அதிகாரிகள் அதில் உணவருந்தினார்கள். சேப்பாக்கத்தில் நவாபின் அரண்மனை அரசு அலுவலகமானது. புகழ்மிக்க ஒரு பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு மற்றவற்றை நாம் மறந்துவிடுகிறோம்.

கட்டடப் பாதுகாப்பு படிக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் ஆய்வுக்கு எடுக்கும் ஒவ்வொரு பழைய கட்டடத்துக்கும் ஒரு குடியிருப்புப் பதிவேடு எழுதுங்கள். யார் இருந்தார்கள், எத்தனை ஆண்டு, எந்தச் சுவரை உடைத்தார்கள், எதைச் சேர்த்தார்கள், ஏன் போனார்கள். கட்டியவர் பெயருக்கும் பெரிய மனிதர் வந்து தங்கிய தேதிக்கும் கொடுக்கும் இடத்தையே சமைத்தவர்களுக்கும் படித்தவர்களுக்கும் கொடுங்கள். பழுதுபார்ப்பவர்களுக்கும் அது உதவும்: எந்த ஜன்னல் எந்தத் தேவைக்கு வந்தது என்று தெரியாமல் எதை வைத்துக்கொள்வது, எதை அகற்றுவது என்று முடிவு செய்ய முடியாது.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். பயன்படாமல் பூட்டிக் கிடக்கும் கட்டடத்துக்கு வர்ணம் பூசுவதால் மட்டும் அது பிழைக்காது. வேலைக்கு லாயக்கற்றது என்று ஒதுக்கிய ஒரு கிடங்கு வீடாகி, மடமாகி, பெண்கள் படிக்கும் விடுதியாகி, கண்காட்சிக் கூடமாகி நூற்றெண்பது ஆண்டு கடந்திருக்கிறது. நம் ஊர்களில் பூட்டிக் கிடப்பவற்றுக்கு அடுத்த குடித்தனத்தைத் தேடுவதுதான் முதல் பாதுகாப்புப் பணி.