வாளியைத் தூக்கட்டும் மகன்
(பரவையில் ஆற்றிய உரை)



பெற்றோரை நோக்கி 'சீ' என்று சொல்வதைக்கூடத் திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம், 23ஆம் வசனம் தடுக்கிறது. கட்டளை பிள்ளைகளுக்கு! நாமோ மருமகள் தலையில் சுமத்துகிறோம். பத்தாவது படிக்கும் மகளையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி உதவிக்கு வைக்கிறோம். மகனோ கைப்பேசியும் கையுமாகத் தெருவில் நிற்கிறான். இது நீதியா?

விடியுமுன் பரவைக் காய்கறிச் சந்தைக்கு ஓடும் சகோதரரே! வீடு திரும்பியதும் படுக்கையிலுள்ள அத்தாவை நீங்களே குளிப்பாட்டுங்கள். தண்ணீர் எடுத்துவர மகனை அழையுங்கள். நூறு பயான் புரியவைக்காததை அந்த ஒரு வாளி புரியவைக்கும்.

ஜமாஅத்துக்கும் பொறுப்புண்டு. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நம் மஹல்லாவில் படுக்கையிலிருப்போர் பெயர்களை எழுதி, அரசு சுகாதார நிலையத்தில் கொடுப்போம். அந்த மகள் மீண்டும் பள்ளிக்கூடம் செல்லட்டும்! வல்ல அல்லாஹ் துணைபுரிவானாக!