நாற்காலி போட்டால் போதாது



தென்காசியில் நின்று மாற்றுத்திறனாளிகளின் வேலையைப் பற்றிப் பேசுகிறவனுக்குப் பாதிச் சுமை குறைவு. பக்கத்திலேயே ஆய்க்குடி இருக்கிறது. 1975-இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்து போனார் எஸ். ராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர். 1981-இல் சொந்த ஊரில் மாற்றுத்திறனாளிகளுக்காக அவர் தொடங்கியதுதான் அமர் சேவா சங்கம். அதில் அவருக்குத் துணையாக வந்து சேர்ந்த சங்கரராமன், சக்கர நாற்காலியில் இருக்கும் பட்டயக் கணக்காளர். இவர்கள் நடத்தி வளர்த்த நிறுவனத்தைக் கண்ணால் பார்த்த ஊர் இது. அதனால் “அவங்களால முடியுமா” என்ற கேள்வியை நான் இங்கே எடுக்கப் போவதில்லை. அதற்கு நம் ஊர் எப்போதோ பதில் சொல்லிவிட்டது.

நான் கேட்க வந்தது வேறு. வேலைக்கு எடுத்தோமே, அதற்குப் பிறகு என்ன செய்தோம்?

மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்கியது. நல்லது. உத்தரவு வருகிறது, ஆள் வருகிறார், நாற்காலி போடுகிறோம். அவர் மேசைக்குக் கோப்பு வருவதில்லை. “நீங்க சிரமப்படாதீங்க சார், நாங்க பாத்துக்கிறோம்” என்று நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். காலையில் கையெழுத்து, மாலையில் பேருந்து. மாதம் பிறந்தால் சம்பளம். முப்பது வருஷம் இப்படி ஒரு மனிதரை உட்கார வைப்பதைப் போல ஒரு கொடுமை இருக்கிறதா, சொல்லுங்கள். படித்த படிப்பை, போட்டித் தேர்வில் ஜெயித்த மூளையை, அன்பாகப் பேசியே பூட்டி வைத்துவிடுகிறோம். வேலை இல்லாதவன் வேலை கேட்டுப் போராடலாம். வேலையில் இருந்துகொண்டே வேலை கிடைக்காதவன் யாரிடம் போய் முறையிடுவான்?

பார்வையற்ற ஒருவர் கணினியில் எப்படி வேலை செய்கிறார் என்று அருகில் நின்று பார்த்திருக்கிறீர்களா? காதில் ஒரு ஹெட்போன். திரையில் உள்ளதை ஒரு மென்பொருள் வாசிக்கிறது. நம் காதுக்குப் பிடிபடாத வேகத்தில் அது ஓடும். அவருக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும். இந்த வேலையைச் செய்யும் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளை உருவாக்கியவர்கள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இரண்டு இளைஞர்கள். காசு வாங்காமல் உலகத்துக்கே கொடுத்திருக்கிறார்கள். தமிழையும் அது வாசிக்கும்.

ஆனால் நம் அலுவலகத்தில் என்ன நடக்கிறது? சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்து, அச்செடுத்து, முத்திரை குத்தி, பிறகு ஸ்கேன் செய்து படமாக அனுப்புகிறோம். அந்த மென்பொருளுக்கு அது வெறும் படம், ஊமையாக நிற்கும். இல்லையென்றால் பழைய வானவில் எழுத்துருவில் அடித்து அனுப்புகிறோம். அது தமிழை விட்டுவிட்டு ஆங்கில எழுத்துகளாக என்னென்னவோ பிதற்றும். அரசு 2010-இலேயே தமிழுக்கு யூனிகோடை ஏற்றாயிற்று. யூனிகோடில் அடித்த மூலக் கோப்பை அப்படியே மின்னஞ்சலில் சேர்த்து அனுப்பினால், அந்த மனிதர் யார் தயவும் இல்லாமல் படித்துக் குறிப்பெழுதி அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவார். இதற்குச் செலவு ஒரு பைசா கிடையாது. அதைச் செய்யாமல், “பாவம், அவருக்குப் படிக்க முடியல” என்கிறோமே, இது நியாயமா?

சென்னையைச் சேர்ந்த பெனோ செஃபைன் 2015-இல் இந்திய வெளியுறவுப் பணிக்குப் போனார். முழுமையாகப் பார்வையற்ற ஒருவர் அந்தப் பணிக்குள் நுழைந்தது அதுவே முதல் தடவை. பத்து வருஷம் கழித்தும் மத்தியப் பிரதேசத்தில், பார்வையற்றவர் நீதிபதியாகக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. ஒரு தாய் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்கானது. 2025 மார்ச்சில் விதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பிள்ளைக்குச் சலுகை வேண்டும் என்று அந்தத் தாய் கேட்கவில்லை. பரீட்சை எழுதும் வாசலை அடைக்காதீர்கள் என்றுதான் கேட்டார்.

இனி வர்த்தக சங்கத்து அண்ணாச்சிமார்களுக்கு. உங்களிடம் நான் உரிமையோடு பேசலாம். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களில் வேலை பார்க்கிறவர்கள் நூற்றுக்கு 36 பேர்தான். அரசு எத்தனை பேருக்குக் கொடுத்துவிட முடியும்? மில்லும் கடையும் பட்டறையும் உங்கள் கையில் இருக்கின்றன. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த நிறுவனமும், மாற்றுத்திறனாளிகளை எந்த வேலைக்கு எடுப்போம், என்ன வசதி செய்வோம் என்று எழுதி வெளியிட வேண்டும் என்பது சட்டம். உங்களில் எத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள்?

எடுத்தவர்களும் ஒன்று செய்கிறீர்கள். மனசு கேட்காமல் வேலை கொடுக்கிறீர்கள். கொடுத்த பிறகு சம்பளத்தில் ஆயிரம் இரண்டாயிரம் குறைக்கிறீர்கள். “வேற யாரு எடுப்பா” என்று நீங்கள் சொல்வதை வேலைக்கு வந்த பையனும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். காது கேளாத பெண் பிள்ளை மற்றவர்களுக்குச் சமமாக பில் போடுகிறாள். பத்து வருஷமாக அதே கல்லாவில் இருக்கிறாள். அவளுக்குப் பின்னால் வந்தவர் மேற்பார்வையாளர் ஆகிவிட்டார். இதைத் தர்மம் என்று நினைக்காதீர்கள். அவள் உழைப்பில் நீங்கள் லாபம் பார்க்கிறீர்கள்.

அதே 2016 சட்டத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது. அரசு நிறுவனத்தில் பணியில் இருக்கும்போது ஒருவருக்கு ஊனம் ஏற்பட்டால் அவரை வேலையை விட்டு நீக்கவோ, பதவியைக் குறைக்கவோ கூடாது. அவரால் செய்ய முடிந்த வேறு வேலைக்கு அதே சம்பளத்தில் மாற்ற வேண்டும். உங்கள் மில்லில் பெல்ட்டில் கை சிக்கிய ஆளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. கொஞ்சம் பணம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று நினைப்பீர்கள். ஆனால் இருபது வருஷம் உங்கள் சரக்கின் தரத்தைத் தொட்டுப் பார்த்தே சொன்ன ஆள் அவர். அந்த அறிவு இன்னொரு கையிலும் இருக்கிறது. கணக்குப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். சட்டம் சொல்லாவிட்டாலும் செய்யுங்கள் என்று கை கூப்பிக் கேட்கிறேன்.

முன் இரண்டு வரிசைகளில் வேலை தேடும் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் அவர்களிடம் போய்ப் பேசுங்கள். எப்படி இப்படி ஆச்சு, பிறவியிலேயேவா, கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். என்ன படித்திருக்கிறாய், என்ன வேலை தெரியும், எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறாய் என்று கேளுங்கள்.