கணக்கும் சாட்சியமும்



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவில் கூடியிருக்கிறோம். 1907இல் அவர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய ராயப்பேட்டை, நாம் அமர்ந்திருக்கும் இந்த மயிலாப்பூருக்கு அடுத்த பேட்டைதான். பண்டிதரின் பௌத்தம் பற்றி நிறையப் பேசுகிறோம். அவர் செய்த இன்னொரு வேலையைக் குறைவாகவே பேசுகிறோம். அரசின் மக்கள்தொகைக் கணக்கில் நம் மக்கள் எந்தப் பெயரில் பதிவாக வேண்டும் என்பதை அவர் ஒரு போராட்டமாகவே எடுத்துக்கொண்டார். அதே பண்டிதர்தான் நம் மக்களின் வழக்காறுகளையும் வாய்மொழிக் கதைகளையும் பண்டிகைகளையும் வரலாற்றுச் சான்றாக வைத்து எழுதினார். எண்ணையும் அவர் விடவில்லை, சொல்லையும் விடவில்லை.

பல்கலைக்கழகத்தில் இவற்றை அளவுசார் ஆய்வு, பண்புசார் ஆய்வு என்று பிரிக்கிறார்கள். இரண்டையும் சேர்த்தால் கலப்பு முறை என்கிறார்கள். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும் நம் பிள்ளைகளிடம் நெறியாளர் முதலில் கேட்பது, "எந்த முறை?" என்பதுதான். நமக்கு இது விருப்பப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது போன்ற காரியமல்ல. இந்த இரண்டையும் பிரித்துவைப்பதால் யாருக்கு லாபம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

"சாதியைக் கேட்டுவிட்டு வீடு இல்லை என்றார்கள்" என்று ஒருவர் சொன்னால், அது தனிப்பட்ட சம்பவம் என்கிறார்கள். சரி என்று நூறு பேரின் கணக்கை வைத்தால், காரணம் சாதிதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார்கள். சாட்சி சொன்னால் கணக்கு கேட்பதும், கணக்கு கொடுத்தால் சாட்சி கேட்பதும் பழைய தந்திரம். இதற்கு ஒரே பதில், இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோய் வைப்பதுதான்.

அப்படி வைத்தவர்கள் இருக்கிறார்கள். 2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் ஒரு சோதனை செய்தார்கள். செய்தித்தாள்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வேறு வேறு பெயர்களில் அனுப்பினார்கள். 548 விளம்பரங்கள், 4,808 விண்ணப்பங்கள். தலித் என்று அடையாளம் தெரியும் பெயர் கொண்டவருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயர் கொண்டவருக்கு இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். கல்வி ஒன்று, அனுபவம் ஒன்று, பெயர் மட்டுமே வேறு. இது கணக்கு.

அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 25 நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களைச் சந்தித்துப் பேசினார்கள். எல்லோரும் சொன்னது, "எங்களுக்குத் தகுதிதான் முக்கியம்." தகுதியை எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டால், குடும்பப் பின்னணியைக் கேட்போம் என்றார்கள். அப்பா என்ன வேலை, எந்த ஊர், எப்படி வளர்ந்தவர். சாதி என்ற சொல்லை உச்சரிக்காமலே சாதி உள்ளே வரும் வழி அந்தப் பேச்சில் வெளிப்பட்டது. முதல் ஆய்வு, பாகுபாடு இருக்கிறது என்று காட்டியது. அது எந்த வழியாக நடக்கிறது என்று இரண்டாவது காட்டியது. ஒன்று மட்டும் இருந்திருந்தால், மறுப்பவர்கள் தப்பியிருப்பார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். குடிசைப் பகுதிகள் மேம்பாடு மற்றும் அகற்றுதல் சட்டம் 1971இல் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் சென்னையில் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17 சேர்ந்தன. அதன்பின் எத்தனையோ குடியிருப்புகள் உருவாகியும் பட்டியல் வளரவில்லை. பட்டியலில் பெயர் இல்லாத பகுதி, சட்டத்தின் கண்ணில் ஆக்கிரமிப்பு. எண்ணப்படாமல் விடுவதும் ஒரு நடவடிக்கைதான் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

2000 முதல் கண்ணகி நகருக்கும், 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் நம் மக்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது, அங்கே வாழ்ந்த ஒருவர் தீக்குளித்து உயிரை விட்டார். கொண்டுபோன இடத்தில் மாடி வீடு இருக்கிறதே, பிறகென்ன குறை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

மந்தைவெளியில் நான்கு வீடுகளில் வேலை செய்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். நடந்து போவார், இடையில் வீட்டுக்கு வந்து பிள்ளைகளைப் பார்ப்பார். இப்போது அவர் பெரும்பாக்கத்தில் இருக்கிறார். விடியுமுன் கிளம்பியும் இரண்டு வீடுகளுக்குத்தான் போய்வர முடிகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்பவர் முதன்மைத் தொழிலாளர். ஆகவே அன்றும் அவர் முதன்மைத் தொழிலாளர், இன்றும் முதன்மைத் தொழிலாளர். கணக்கில் அவருக்கு எதுவும் ஆகவில்லை. போக்குவரத்துச் செலவு எவ்வளவு என்று கேட்டாலும், 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்பதால், படிவத்தில் பூஜ்யம் விழும். போனது நேரம். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. அவரைப் பேசவிட்டால்தான் அந்தக் கட்டம் வேண்டும் என்பதே நமக்குத் தெரியும்.

இதே கண்ணகி நகரைப் பற்றி, அடையாறு காந்தி நகரில் இருக்கும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் கரேன் கோயல்ஹோ, டி. வெங்கட், ஆர். சந்திரிகா ஆகியோருடன் சேர்ந்து 2012இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நகர்ப்புற வறுமையை இடமே மறுபடி மறுபடி உண்டாக்குகிறது என்பது அதன் வாதம். மாணவர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும். படித்ததோடு நிற்கவும் கூடாது. முகவரியைச் சொன்னாலே வேலை தரத் தயங்குகிறார்கள் என்று கண்ணகி நகர் இளைஞர்கள் பல காலமாகச் சொல்கிறார்கள். தோரட் செய்த சோதனையைப் பெயருக்குப் பதிலாக முகவரியை வைத்துச் செய்து பாருங்கள். ஒரே தகுதி, ஒரே பெயர். ஒன்றில் மந்தைவெளி முகவரி, இன்னொன்றில் கண்ணகி நகர் முகவரி. மக்கள் சொன்ன சொல்லிலிருந்து எண்ணக்கூடிய ஒரு கேள்வி இப்படித்தான் பிறக்கிறது.

எந்த அளவில் எண்ணுகிறோம் என்பதும் முக்கியம். வார்டு அளவில் கணக்கிட்டால் மாட வீதியும் அதன் பின்னால் இருக்கும் சேரியும் ஒரே வார்டாகி, எல்லோரும் கலந்து வாழ்வதுபோல் தெரியும். நவீன் பாரதி, தீபக் மல்கன், அந்தலீப் ரஹ்மான் ஆகியோர் அதைவிடச் சிறிய கணக்கெடுப்புத் தொகுதி அளவில் இந்தியப் பெருநகரங்களை ஆராய்ந்து, வார்டுக்கு உள்ளேயே சாதிப் பிரிவினை எவ்வளவு இருக்கிறது என்று 2018இல் காட்டினார்கள். எந்தத் தெருவோடு எது முடிகிறது என்பது அங்கே வாழும் நம் தாய்மார்களுக்கு முன்பே தெரியும். அவர்களைக் கேட்டிருந்தால், வார்டுக் கணக்கை முதலிலேயே சந்தேகப்பட்டிருப்போம்.

எண்ணும் சாட்சியமும் ஒத்துப்போகும்போது மகிழ்கிறோம். ஒத்துப்போகாதபோது ஒன்றைத் தூக்கி எறிந்துவிடுகிறோம். அதைச் செய்யாதீர்கள். இரண்டும் முரண்படும் இடத்தில்தான் கேள்வியோ, படிவமோ, நம் புரிதலோ தவறாக இருக்கிறது. முதலில் போய்க் கேளுங்கள். கேட்டதை வைத்துப் படிவம் செய்யுங்கள். எண்ணுங்கள். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு அதே மக்களிடம் திரும்பிப் போய், "இப்படி வந்திருக்கிறது, சரியா?" என்று கேளுங்கள். பெரும்பாலான ஆய்வுகள் இந்தக் கடைசிப் பயணத்தைச் செய்வதில்லை.

இதில் நமக்கு ஒரு ஆபத்தும் உண்டு. இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு செய்பவர்கள் பிராமணர்களாகவும் தரவு சேர்ப்பவர்கள் சூத்திரர்களாகவும் பிரிந்து கிடப்பதை 2002இல் கோபால் குரு சுட்டிக்காட்டினார். நம் பிள்ளைகளைச் சேரிக்கு அனுப்பிப் பேட்டி எடுக்க வைத்துவிட்டு, பகுப்பாய்வை வேறொருவர் செய்வது கலப்பு முறை ஆகாது. அது பழைய வேலைப் பிரிவினையேதான். புள்ளியியல் நமக்கு வராது என்ற பயத்தை விடுங்கள். 'ரூபாயின் பிரச்சினை'யை 1923இல் எழுதிய பொருளியல் அறிஞர்தான், குடிக்கத் தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவனாகத் தன் கதையை 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் சொன்னவரும். பாபாசாகேப் எதையும் வேறொருவர் கையில் கொடுத்துவிடவில்லை.

நம்மிடம் இருக்கும் கடைசி மக்கள்தொகைக் கணக்கு 2011ஆம் ஆண்டினுடையது. அதன்படி சென்னை மாநகரில் பட்டியல் சாதியினர் 16.8 விழுக்காடு. அதன்பின் இந்த நகரத்தில் நம் மக்கள் எங்கிருந்து எங்கே தள்ளப்பட்டார்கள் என்பதற்கு முழுமையான கணக்கு இல்லை. அடுத்த கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளும் கணக்கிடப்படும் என்று ஒன்றிய அரசு 2025 ஏப்ரலில் அறிவித்தது. அந்த எண்கள் வரும் நாளில், அவற்றுக்குப் பக்கத்தில் வைக்க நம்மிடம் சாட்சியங்கள் தயாராக இருக்க வேண்டும். பெரும்பாக்கத்தின் ஒவ்வொரு பிளாக்கிலும், "எங்கிருந்து வந்தீர்கள், என்ன இழந்தீர்கள்?" என்று கேட்டு எழுதும் வேலையை இப்போதே தொடங்க வேண்டும். தன் மக்கள் எந்தப் பெயரில் எண்ணப்பட வேண்டும் என்று நூறாண்டுக்கு முன்பே போராடிய பண்டிதருக்கு நாம் செலுத்தக்கூடிய நினைவஞ்சலி அதுதான்.

ஜெய்பீம்.